பத்திரம் பக்கா... கட்டடம்?

திருச்சி கே.கே. நகரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால், பார்க்க வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தரகர் முன்னே வருவார். 'பட்டா கிளியர், ஈ.சி. கிளியர், கிழக்குப் பார்த்த வாசல், கோடையிலும் வத்தாத போர்' என்று வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். வாங்குகிறவர் சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இருந்தால், மச்சானோ சித்தப்பாவோ வந்து வாட்ஸ்ஆப் வீடியோவில் அறை அறையாகச் சுற்றிக் காட்டுவார்கள். வாஸ்து பார்ப்பவர் நடு ஹாலில் திசைகாட்டியை வைத்து, சம்ப் ஈசானிய மூலையில் இருக்கிறதா என்று சரிபார்ப்பார். வழக்கறிஞர் வீட்டுப் பக்கமே வரமாட்டார். அவருக்கு வேண்டியது தாய்ப் பத்திரமும் முப்பது வருட வில்லங்கச் சான்றும். கடைசியாக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வருவார். நாலு படம் எடுத்து, நீள அகலம் அளந்து, கட்டடத்தின் வயதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்புவார்.

இத்தனை பேரில் மொட்டை மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே இருக்கும் அறையில் விளக்கைப் போட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தவரும் இல்லை.

பக்கத்து மணப்பாறை மாட்டுச் சந்தையில் இப்படி ஒரு வியாபாரம் நடக்காது. அங்கே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். வாழ்நாள் சேமிப்பையும் இருபது வருட மாதத் தவணையையும் கொட்டி வாங்கும் வீட்டுக்கு அந்த மரியாதைகூடக் கிடைப்பதில்லை.

செலவைக் காரணம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம்; 2023 ஏப்ரலுக்குப் பிறகு பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சம் ரூபாய்க்குப் பதியப்படும் வீட்டுக்கு இவை மட்டுமே 7 லட்சத்து 20 ஆயிரம். தரகருக்கு ஒரு பங்கு, வழக்கறிஞருக்கு ஒரு பங்கு, பால் காய்ச்சும் செலவு தனி. அனுபவமுள்ள கட்டடப் பொறியாளர் ஒருவரை அரை நாள் அழைத்து வீட்டைப் பார்க்கச் சொல்வதற்கு ஆகும் தொகை, இந்தப் பட்டியலில் கடைசி வரியில்தான் வரும்.

சட்டம் யாருக்குக் காவல்?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-ஆவது பிரிவு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள கடமைகளைச் சொல்கிறது. அந்தச் சொத்தை விற்கத் தமக்கு உரிமை உண்டு என்று விற்பவர் உறுதி தந்ததாகவே அது எடுத்துக்கொள்கிறது. பத்திரத்தில் தனியாக எழுத வேண்டியதில்லை. கட்டடத்தின் உறுதிக்கு அப்படி ஒரு வாக்கு கிடையாது. சொத்தில் உள்ள முக்கியமான குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது, உண்மைதான். ஆனால் எந்தக் குறைகளை? விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாதவற்றை மட்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாடிச் சுவரில் விரல் நுழையும் விரிசல் இருந்து, வாங்குகிறவர் மாடிக்கே போகவில்லை என்றால், 'நீங்கள் பார்த்திருக்கலாமே' என்று கேள்வி அவர் பக்கம் திரும்பிவிடும். ஆக, சட்டம் உறுதி தரும் விஷயத்தை ஆளுக்கு ஆள் துருவிப் பார்க்கிறோம்; 'நீயே பார்த்துக்கொள்' என்று அது கைவிட்ட விஷயத்தைப் பார்க்க ஆளே வைப்பதில்லை. பத்திரத்தைத் துருவுவது வீண் வேலை என்று இதற்குப் பொருள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் சுமார் 330 ஏக்கர் கோயிலுக்குச் சொந்தம் என்று எழுந்த அடிமனைச் சிக்கலால், தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களே வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாமல் தவித்த கதை திருச்சிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். காகிதம் முக்கியம்தான். காகிதத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் கோளாறு.

அரசாங்கம் பார்த்துத்தானே அனுமதி கொடுத்திருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சிறிய வீடுகள் விஷயத்தில் அரசின் கண் இப்போது இன்னும் விலகிப் போயிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து உடனடியாக அனுமதி பெறலாம். வீடு கட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. லஞ்சத்துக்கும் அலைச்சலுக்கும் ஒரு வழி அடைந்தது. அந்த வீட்டைப் பத்து வருடம் கழித்து வாங்கப் போகிறவரோ, கம்பி கட்டியபோது பொறுப்புள்ள ஒருவர் வந்து பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. சிறு குடியிருப்புகளுக்குக் கட்டட முடிவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது 'ரெரா', 2016-இல் வந்தது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால், புகார் சொன்ன 30 நாளுக்குள் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 14-ஆவது பிரிவு. நல்ல ஏற்பாடு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் எழும் திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் அந்தச் சட்டத்தில் பதிவே தேவையில்லை. ஒரு மனையை வாங்கி, இடித்து, நாலு ஃபிளாட் கட்டி விற்கிறவர் இந்த இடைவெளியில் வசதியாக நின்றுகொள்கிறார். தனி வீட்டை மறுவிற்பனையில் வாங்குகிறவருக்கோ ரெராவால் பயனே இல்லை.

விரிசல் பேசும்

கட்டடம் திடீரென்று விழுவதாகச் சொல்கிறோம். பெரும்பாலும் அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் விழுகிறது. 2023 ஆகஸ்ட் 5 அதிகாலையில் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலின் கிழக்கு வாசல் கோபுரத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாததால் யாருக்கும் காயமில்லை. அதில் விரிசல் இருப்பது முன்பே தெரிந்திருந்தது. 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில், 1993-இல் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து தரைமட்டமானது. விரிசலைக் கண்டு பதறி எல்லோரும் வெளியேறியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அரியமங்கலம் கீழ அம்பிகாபுரத்தில் அப்படி நடக்கவில்லை. 2024 புத்தாண்டு நாள் விடிவதற்கு முன், ஒரு பழைய வீட்டின் மேற்கூரை இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் இருவர் சிறுமிகள். கே.கே. நகரிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

விரிசல் எல்லாமே ஆபத்தானதல்ல. ஆய்வுக்கு வருகிறவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி, எது ஆபத்து எது வெறும் அழகுக் குறை என்று பிரித்துச் சொல்வதற்குத்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1984-இல் வெளியிட்ட விரிசல்கள் பற்றிய கையேடு, 1 மில்லிமீட்டருக்குக் கீழ் மெல்லியது, 2 மில்லிமீட்டர் வரை நடுத்தரம், அதற்கு மேல் அகலமானது என்று வகுக்கிறது. அகலத்தைவிட முக்கியம் அது ஓடும் திசை. பூச்சில் சிலந்தி வலைபோலப் பரவியிருப்பது சிமென்ட் காய்ந்து சுருங்கியதால் வந்தது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் தீரும். பீமுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவே நேர்க்கோடாகப் படுத்திருப்பது, இரண்டும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிவதால் வருவது. அதற்கும் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டுப்போல ஏறிப்போகும் விரிசல் வேறு சாதி. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்குகிறது என்பதற்கு அது அடையாளம். பில்லரிலோ பீமிலோ கம்பி ஓடும் வழியைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் ஓடுகிறது என்றால், உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று அறிய ஒரு பழைய உத்தி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு, ஓரத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி வைப்பார்கள். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் கட்டடம் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது. விற்பவர் சம்மதித்தால்தான் இது நடக்கும். பேரம் சூடாக இருக்கும் நேரத்தில் சம்மதிப்பவர்கள் குறைவு.

மாடியிலிருந்து ஆரம்பம்

கே.கே. நகரில் 1990-களில் கட்டிய, கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், வேலை தெரிந்த பொறியாளர் ஹாலில் உட்கார்ந்து காபி குடிப்பதற்கு முன் மாடிக்கு ஏறுவார். கையில் டார்ச், சிறு சுத்தியல், ரசமட்டம், ஒரு கோலிக்குண்டு. ஒரு வாளித் தண்ணீரை மாடித் தரையில் ஊற்றச் சொல்வார். தண்ணீர் மழைநீர்க் குழாயை நோக்கி ஓடாமல் நடுவில் குளம் கட்டி நின்றால், தட்டோடு பதித்தபோது வாட்டம் சரியாகக் கொடுக்கவில்லை. குளம் கட்டிய இடத்தை மனதில் குறித்துக்கொண்டு கீழே வந்து, அதே இடத்துக்கு நேர் கீழே கூரையில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று தேடுவார். பிளாஸ்டிக் தொட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவருக்கு வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. அதை பீமின் மேலோ சுவரின் மேலோ வைக்காமல் தளத்தின் நடுவில் வைத்த வீடுகள் ஊரெங்கும் இருக்கின்றன.

பிறகு சுத்தியல். கூரைப் பூச்சை லேசாகத் தட்டிக்கொண்டே போவார். 'டக் டக்' என்று இறுக்கமாகக் கேட்டால் கான்கிரீட் கெட்டியாக இருக்கிறது. ஓரிடத்தில் 'டொப் டொப்' என்று சத்தம் மாறினால் அங்கே பூச்சோ கான்கிரீட்டோ கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. அறைக்கு அறை இப்படித் தட்டி, பிரிந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைப்பார்கள். சாக்பீஸ் வட்டங்கள் பெருகப் பெருக, கூட நின்று பார்க்கும் விற்பனையாளரின் முகம் மாறுவதையும் காணலாம்.

இந்தப் பிரிவுக்குக் காரணம் வேதியியல். புதுக் கான்கிரீட் காரம் மிகுந்தது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் காரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே ஊறிக் காரத்தைக் குறைக்கிறது. 9-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் கம்பிக்குக் காவல் போய்விடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அடைத்துக்கொண்டு சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளும். தளத்தில் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. கவர் பிளாக் வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் பலகை மேலேயே கிடத்திக் கான்கிரீட் போட்ட தளங்களில் அந்த 20 மில்லிமீட்டர் பேருக்குக்கூட இருக்காது. முதலில் பெயர்வது அந்தத் தளங்கள்தான்.

கலந்த தண்ணீரும் கணக்கில் வரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. உப்புப் போர்த் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதிலேயே தளத்தை நனைத்து வைத்த வீட்டில் துரு காலத்துக்கு முன்பே வந்துவிடும். டெல்லியை ஒட்டிய குருகிராமில் 'சிண்டல்ஸ் பாரடைசோ' என்ற உயர்ரகக் குடியிருப்பின் ஒரு கோபுரம் 2022 பிப்ரவரியில் பகுதியாக இடிந்து இருவர் இறந்தபோது, ஆய்வு செய்த டெல்லி ஐ.ஐ.டி. கண்டது கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடைத்தான். விலை கோடியில் இருந்தும் கம்பி துருப்பிடித்தது.

குளியலறைகளில் நேரம் பிடிக்கும். தரை டைல்ஸ் சந்துகளைப் பார்ப்பார், கழிவுநீர் வாய்க்குப் பக்கத்தில் தட்டுவார், எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுக் கீழே ஓடி வருவார். பக்கத்து அறையின் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்திருந்தால் அதற்கு ஓதம் என்று பெயர். மண்ணிலிருந்து ஏறும் ஓதம் வேறு, குழாய்க் கசிவால் வரும் ஓதம் வேறு. இரண்டாவதைச் சில ஆயிரத்தில் முடிக்கலாம், முதலாவது பல வருடம் ஆளை அலைக்கழிக்கும். ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலோ, ஒரு மூலையில் மட்டும் புதிதாக மரப்பலகை ஒட்டியிருந்தாலோ அங்கேதான் ஈரமானி முதலில் போகும். விற்பதற்கு முந்தின வாரம் வெள்ளையடிக்கப்பட்ட வீட்டை நிதானமாகப் பார்ப்பது நல்லது. நல்ல எண்ணத்தில் அடித்தவர்களும் உண்டுதான். ஆனால் பட்டி பார்த்த சுவரில் விரிசல் மறுபடி தலைகாட்ட ஒரு மழைக்காலம் வேண்டும்.

மெயின் போர்டைத் திறந்தால் வீட்டின் குணம் தெரிந்துவிடும். 1990-களில் இரண்டு மின்விசிறிக்கும் ஒரு ஃபிரிட்ஜுக்கும் போட்ட ஒயரில் இன்று மூன்று ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா, இல்லை போர்டோடு நின்றுவிட்டதா என்று சோதிப்பார். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். இல்லாவிட்டால் அறிக்கையில் முதல் வரியே அதுதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப் போடக் கூடாது. மரச் சட்டங்களை அடியில் தட்டிப் பார்ப்பது கரையானுக்காக. கோலிக்குண்டு எதற்கு என்றால், அறையின் நடுவில் வைத்து விட்டால் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது தானே உருண்டு காட்டும்.

கடைசியாக வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பார். பழைய குடியிருப்புப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் இது: சாலை போடும் ஒவ்வொரு முறையும் தெரு ஒரு சாண் உயர்கிறது, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்தவைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போய்ப் பார்த்தால் எந்தக் கருவியும் இல்லாமல் இது விளங்கிவிடும். வயலூர் சாலை, உறையூர்ப் பக்கம் வாங்குகிறவர்கள், 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகியபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேட்பது வழக்கம். ஸ்ரீரங்கம் தீவின் பழைய தெருக்களில் கேள்விகள் வேறு: மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் இற்றுப்போயிருக்கின்றனவா, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் யார் கணக்கில் இருக்கிறது?

கருவி சொல்வதும் சொல்லாததும்

கண்ணும் சுத்தியலும் சந்தேகத்தைக் கிளப்பினால் அடுத்த கட்டம் கருவிகள். எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1940-களின் கடைசியில் உருவாக்கிய சுத்தியல் இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. கான்கிரீட்டில் அழுத்தினால் எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்து மேற்பரப்பின் உறுதியைச் சொல்லும். இன்னொரு கருவி, மீயொலியை ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் பிடிக்கும். நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் ஒலி ஓடினால் கான்கிரீட் மிக நன்று. 3 கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் உள்ளே பொந்து இருக்கலாம், சந்தேகத்துக்குரியது. மிக எளிய சோதனை பினால்ப்தலீன் கரைசல். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளித்தால், காரம் இருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறமில்லாமல் கிடக்கும். சிவப்பு, கம்பிக்கு வெளியே தொடங்குகிறதா உள்ளே தொடங்குகிறதா என்பதுதான் விடை.

ஒரு சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு இத்தனையும் தேவைப்படாது. எல்லாக் கருவியையும் இறக்கிக் கட்டணத்தை ஏற்றுகிறவரிடம் கவனமாக இருக்க வேண்டும். கருவிகளால் முடியாததும் நிறைய. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், உள்ளே எத்தனை கம்பி, நல்ல ஆற்று மணலா கிரஷர் தூசியா என்பதை வெளியிலிருந்து யாரும் முழுதாகச் சொல்ல முடியாது. ஆய்வுக்கு வருகிறவர் சுவரை உடைக்கமாட்டார், பொருள்களை நகர்த்தமாட்டார். 'இந்த வீடு நூறு வருஷம் நிக்கும் சார்' என்று அவர் வாயால் சொன்னால் அந்த ஆள் வேண்டாம்.

இந்தியாவில் வீட்டு ஆய்வாளர் என்ற தொழிலுக்குத் தனி உரிமம் கிடையாது. சென்னை, பெங்களூரில் இதற்கென நிறுவனங்கள் வந்துவிட்டன. திருச்சியில் மாநகராட்சியில் பதிவு பெற்ற பொறியாளர்கள், பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கட்டமைப்பு ஆலோசகர்கள் என்று ஆள்களுக்குக் குறைவில்லை. யாராக இருந்தாலும் தரகர் காட்டும் ஆளாக இருக்கக் கூடாது. ரிப்பேர் வேலையையும் தாமே எடுத்துச் செய்பவராகவும் இருக்கக் கூடாது. குறை கண்டுபிடிப்பவருக்கும் அதைச் சரிசெய்து சம்பாதிப்பவருக்கும் நடுவே இடைவெளி வேண்டும்.

அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவதும் ஆய்வில் அடங்கும். வரைபடத்தில் கார் நிறுத்துமிடம், நேரில் பார்த்தால் கடை. வரைபடத்தில் ஒரு மாடி, நேரில் ஒன்றரை. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் நகராட்சிகளாக இருந்து, 1994-இல்தான் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தன; அதற்கு முந்தைய வீடுகளின் வரைபடத்தை அந்தப் பழைய நகராட்சிகளின் பெயரில்தான் தேட வேண்டும். புறப்பகுதிகளில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் புழங்கும் காகிதங்களையும் பார்க்கலாம். கே.கே. நகருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 2024-இல் புது முனையம் திறந்த பிறகு போக்குவரத்தும் கூடியிருக்கிறது. 'மேலே இன்னும் ரெண்டு மாடி எழுப்பிக்கலாம் சார்' என்று தரகர் சொன்னால், விமான நிலையங்களைச் சுற்றிக் கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு என்பதையும், வண்ணக் குறியீட்டு வரைபடத்தில் அந்த மனை எந்த நிறத்தில் விழுகிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும். இருக்கிற அஸ்திவாரம் அந்த இரண்டு மாடியைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

அமெரிக்காவில் வீடு வாங்கும் தமிழர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. அங்கே ஒப்பந்தம் போட்ட பிறகு ஆய்வுக்குச் சில நாள் அவகாசம். அறிக்கை திருப்தி தராவிட்டால் முன்பணத்தோடு விலகிக்கொள்ளலாம். வீடுகளுக்கு அடிதடி நடந்த 2021 வாக்கில், ஆய்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வீட்டைத் தட்டிச் சென்றவர்கள் அங்கும் ஏராளம். அந்தப் போக்கைக் கட்டுப்படுத்த மாசசூசெட்ஸ் மாநிலம் 2025 அக்டோபரில் விதியே கொண்டுவந்தது. ஜப்பானில் 2018 ஏப்ரல் முதல், பழைய வீட்டை விற்றுத் தரும் தரகர் கட்டட ஆய்வு என்ற வசதியைப் பற்றி இரு தரப்புக்கும் எடுத்துச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய புது வீட்டுக்குச் சாவி வாங்கிய கையோடு டைல்ஸைத் தட்டிப் பார்த்துக் குறைப் பட்டியல் கொடுக்கிறார்கள். ஓராண்டு வரை சரிசெய்து தருவார்கள். அங்கே அவ்வளவு உஷாராக இருப்பவரே, ஊரில் வாங்கும்போது மச்சான் அனுப்பிய வீடியோவைப் பார்த்து அட்வான்ஸ் போடுகிறார்.

அறிக்கை கைக்கு வந்தால் என்ன செய்வது? நல்ல அறிக்கையில் படங்களும் இடமும் குறிப்பிட்டு, உடனே செய்ய வேண்டியது, ஓராண்டுக்குள் செய்ய வேண்டியது, கண்காணித்தால் போதுமானது என்று பிரித்திருக்கும். உத்தேசச் செலவும் இருக்கும். முப்பது வயது வீட்டில் பத்துப் பதினைந்து குறை இருப்பது சகஜம். அதைக் கண்டு மிரண்டு ஓடுகிறவருக்கு எந்த வீடும் அமையாது. அதையே பிடித்துக்கொண்டு விலையில் பாதியைக் குறைக்கப் பார்ப்பவரோடு யாரும் பேசமாட்டார்கள். மாடித் தளத்தை மராமத்து செய்ய இவ்வளவு, ஒயரிங் மாற்ற இவ்வளவு என்று எழுத்தில் இருக்கும் தொகையை வைத்துப் பேசினால் பெரும்பாலான விற்பனையாளர்கள் இறங்கி வருகிறார்கள், ஏனென்றால் அடுத்து வருகிறவரும் இதையே கண்டுபிடிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆய்வுக்கே சம்மதிக்காத விற்பனையாளர்களும் உண்டு. 'இத்தனை வருஷம் நாங்க குடியிருக்கலையா?' என்று கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் பாதி மானம், பாதி பயம்.

காலம் முக்கியம். டோக்கன் அட்வான்ஸாகச் சிறு தொகை மட்டும் கொடுத்து, கிரய ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் ஆய்வை முடிப்பதே நல்லது. ஒப்பந்தம் எழுதியாயிற்று, பெரிய தொகை கைமாறியாயிற்று என்றால் பேரம் பேசும் இடம் போய்விடும். அவசரம் என்றால், ஆய்வில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம்; வழக்கறிஞருக்கு அது ஐந்து நிமிட வேலை. ரிப்பேரை விற்பவரே செய்து தருவதாகப் பேசினால், எதை, எப்படி, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுத வேண்டும். 'பாத்துப் பண்ணிக் குடுத்துடறேன்' என்ற வாய்வார்த்தை பத்திரம் பதிந்த மறுநாள் காணாமல் போயிருக்கும். பொறியாளரிடம் இரண்டாவது வருகைக்கும் சேர்த்தே கட்டணம் பேசிக்கொண்டால், சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போடுவதற்கு முன், வீடு காலியான நிலையில், பீரோவும் கட்டிலும் மறைத்திருந்த சுவர்களையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம்.